கடை கண்ணில் படாத பாண்டிச்சேரி

கடலூர் சாலையில் ஒரு தனியார் பேருந்துக்குப் பக்கத்திலேயே, அதை முந்தாமலும் பின்தங்காமலும், என் வீட்டுக்காரர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு தலையை நீட்டி, எங்கள் பரம்பரையையே விசாரித்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடது பக்கம் அந்தப் பேருந்து இருக்கும்வரை அந்தப் பக்கத்துப் பிராந்திக் கடைகள் தெரியாது. அதுதான் கணக்கு. வலது பக்கத்துக்கு நான் பொறுப்பு. "என்னா வெயிலு, என்னா வெயிலு" என்று சொல்லி முந்தானையை ஜன்னலில் விரித்துப் பிடித்திருந்தேன். அன்று வானம் மூடிக்கிடந்தது. தூறல்கூட விழுந்தது.

என் பக்கத்தில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தார். செய்யாற்றுப் பக்கத்துக்காரர். என் மகள் மலருக்கு மாமியாராக வருவாரா, மாட்டாரா என்பது அன்று சாயங்காலம்தான் தெரியும். அதுவரை முந்தானையை விட முடியாது.

போன வாரம் இந்தத் தொடரில், நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையில் நிறுத்தியிருந்தேன். அதைத் தொடரத்தான் உட்கார்ந்தேன். அலமாரியைத் துடைத்தபோது ஒரு போட்டோ கையில் அகப்பட்டது, புத்தி இந்தப் பக்கம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடம் எங்கே போகிறது, அது அங்கேயேதான் இருக்கும்.

பாட்டில் ஊர்

மலர் அப்போது எங்கள் பாண்டி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். அங்கே புது மெஷின் பூட்ட வந்தவன் பிரபு. மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் பையன் வந்துகொண்டே இருந்தான். விஷயம் வீட்டுக்கு வந்தது. எங்களுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவன் அம்மாவுக்குப் பெண்ணின் போட்டோவும் பிடித்திருந்தது. பிடிக்காதது எங்கள் ஊர்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் வீட்டுக்காரர் குடியால் போனவர். வருஷா வருஷம் கூட்டாளிகளோடு பாண்டிக்கு வந்து போன மனிதர். "அந்த ஊரு என் தாலிய அறுத்த ஊரு. அங்கேருந்து பொண்ணு எடுக்கிறதா?" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

அம்மா மனசாரச் சரி சொல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று பிரபு சொன்னான். அப்படிக் கட்டினால் நானும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று மலர் சொன்னாள். இரண்டும் நல்ல ஜோடிதான். கடைசியில் அவன்தான் ஒரு வழி சொன்னான். அம்மா ஒரு நாள் வந்து ஊரை மட்டும் பார்க்கட்டும். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் பேச்சை விட்டுவிடலாம்.

எல்லார் வீட்டுக்கும் பெண் பார்க்க வருவார்கள். எங்கள் வீட்டுக்கு ஊர் பார்க்க வந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். பீடி, வெற்றிலை, சாராயம் ஒன்றும் கிடையாது. டீயில் சர்க்கரைகூடக் குறைவு. ஆனால் அவர் பிழைப்பு என்னவோ குடிகாரர்களோடுதான். எல்லையைத் தொட்டதும் பின்சீட்டிலிருந்து முதல் கேள்வி வரும்: "அண்ணே, கடை எங்க இருக்கு?" கடலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கடல் எப்படியும் இருக்கும் என்ற நம்பிக்கைதான்.

"ஒரு கடைகூட அந்தம்மா கண்ணுல படாம ஊரு பூரா சுத்திக் காட்றேன் பாரு" என்றார்.

"கடை இல்லாத பாண்டிச்சேரி எங்கப்பா இருக்கு?" என்று மலர் கேட்டாள்.

"இருக்கு. உங்க அப்பனுக்குத்தான் தெரியும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை.

ஏரி வழியாக ஒரு நுழைவு

பேருந்து நிலையத்தில் இறங்கவிட்டால் தொலைந்தோம். எதிரிலேயே வரிசையாகக் கடைப் போர்டுகள். அதனால் அம்மாவையும் பிள்ளையையும் திண்டிவனத்திலேயே இறக்கி வேனில் ஏற்றினார். நெடுஞ்சாலையை விட்டார். முள்ளுக்காடு, சவுக்குத்தோப்பு, கரும்பு லாரி போகிற மண் ரோடு என்று எங்கெங்கோ நுழைந்தார். கடைசியில் ஊசுட்டேரிக் கரையில் போய் நின்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். ஊசுட்டேரியில் இவ்வளவு பறவை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மில்லுத் தொழிலாளி வீட்டில் பிறந்தவள் நான். எங்களுக்கு ஊர் என்றால் முதலியார்பேட்டை, மில்லுச் சங்கு, ரேஷன் கடை. கடலுக்கு மாசிமகத்தன்று போவோம், கால் நனைப்போம், சுண்டல் தின்போம், திரும்புவோம். வெளியூர்க்காரர்கள் ஒரே நாளில் பார்க்கிற இடங்களை உள்ளூர்க்காரர்கள் ஒரு ஆயுசு முழுக்கப் பார்ப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற திமிர்.

பச்சையம்மாள் ஏரியைப் பார்த்தார். "தண்ணி இருக்குது" என்றார். அவ்வளவுதான்.

விவசாயக் குடும்பம். தண்ணி இருக்கிறது என்பதே அவர்கள் பக்கம் பெரிய பாராட்டு என்று பிறகுதான் தெரிந்தது.

கொலுசு போட்ட யானை

மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனவள், பச்சையம்மாள் வாசலிலேயே நின்று எதையோ தேடுவதைப் பார்த்தேன்.

"டீச்சர், இங்க ஆனை ஒண்ணு இருக்குமாமே?" என்றார். நான் பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதால் நாள் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்.

"இருந்துச்சுக்கா. செத்துப்போயி சில வருஷம் ஆவுது. ஊரே அழுதுச்சு."

"கால்ல கொலுசு போட்டிருக்குமா?"

"ஆமா, வெள்ளிக் கொலுசு. நடந்தா சத்தம் கேக்கும்."

"நெசமாத்தானா?" என்று என் முகத்தையே பார்த்தார். யானை நின்ற இடத்தில் அவர் பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

யூட்யூபில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று சொல்ல முடிகிறதா?

அங்கிருந்து ஒயிட் டவுன். மஞ்சள் சுவர், காகிதப்பூ, சுவருக்கு முன்னால் கல்யாண ஜோடிகள். ஒரு பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோக்காரர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். அந்தச் சுவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் தெரியாது, சுவர் மட்டும் உலகப் பிரசித்தம்.

"இந்தப் பக்கம் பயமில்ல. இங்க பாரெல்லாம் வீடு மாதிரி இருக்கும். போர்டும் பிரெஞ்சுல. யாருக்குப் புரியும்?" என்று என் காதில் முணுமுணுத்தார் ஏழுமலை. சொல்லும்போதே அவருக்குக் கழுத்தில் வேர்வை.

பையன் மேல் ஒரு சந்தேகம்

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பிரபு சும்மா இருக்கவில்லை.

"அங்கிள், கவர்னர் மாளிகை வாசலு வழியா போலாமா?" என்றான். இவர் மாட்டேன் என்றார். அந்த வழியில் பெரிய கடைப் போர்டு ஒன்று இருக்கிறது. அதனால் மாளிகைக்கு எதிரில் இருக்கிற பூங்காவும் போச்சு, அதற்குள் இருக்கிற ஆயி மண்டபமும் போச்சு.

கொஞ்ச நேரம் கழித்து, "அங்கிள், மெயின் ரோட்டுல போயி சிக்னல்ல திரும்பலாமே?" என்றான். இவர் சந்தில் விட்டார். மறுபடியும், "அங்கிள், பெரிய மார்க்கெட் முக்குல ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்" என்றான். இவர் வேகத்தைக் கூட்டினார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு. பச்சையம்மாள் ரசம் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். கொல்லைப்புறத்தில் கை கழுவுகிறபோது ஏழுமலை என்னைத் தனியாக இழுத்தார்.

"பையனுக்குக் கடை மேல கண்ணு."

"சும்மா இருங்க."

"காலையிலேருந்து பாக்கறேன். எங்கெங்க கடை இருக்குதோ அங்கதான் நிறுத்தச் சொல்றான். முப்பது வருஷமா இந்த மூஞ்சிங்களதான வண்டியில ஏத்தறேன்? எனக்குத் தெரியாதா?"

அந்தம்மா எங்கள் ஊரை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றிருந்த பயம் போய், சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது. மலரிடம் எப்படிச் சொல்வது? அவள் அப்போது பிரபுவுக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நோணாங்குப்பம் படகுக் குழாமுக்குப் போன வழியில்தான் முதலில் சொன்ன அந்தப் பேருந்துக் கூத்து. படகில் ஏறியதும் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு பக்கமும் தென்னை, அலையாத்திப் புதர். ஆற்றின் மேல் ஏது கடை? ஏழுமலை முதல் முறையாகச் சிரித்தார்.

"ஆத்துல ஏறி கடல்ல எறங்குவாங்களாமே, அது இதானா?" என்றார் பச்சையம்மாள்.

"இதாங்க்கா. அதோ தெரியுது பாருங்க, மணல் திட்டு. அதுக்கு அந்தாண்ட கடலு."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். லைப் ஜாக்கெட் அவருக்குப் பெரிதாக இருந்தது. மணலில் இறங்கியும் அலைப்பக்கம் போகவில்லை. பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மகள் பக்கத்தில் போய் நின்றபோது, அவள் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டார். அதை வைத்து நான் அரை மணி நேரம் கோட்டை கட்டினேன்.

மாலை, பீச் ரோடு

சாயங்காலம் ஆனால் பீச் ரோட்டில் வண்டியை விட மாட்டார்கள். தடுப்பு போட்டுவிடுவார்கள், நடந்துதான் போக வேண்டும். கடற்கரைப் பக்கம் கடையும் கிடையாது. ஏழுமலைக்கு நிம்மதி. வேனைப் பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் போட்டுவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

காந்தி சிலையருகே நல்ல கூட்டம். மக்காச்சோளம் சுடுகிற வாசனை, ஈரக் காற்று, எங்கோ ஒரு குழந்தை பஞ்சுமிட்டாய்க்கு அழுதது.

"சுத்தி நிக்கிற தூணு நம்ப செஞ்சித் தூணாமே?"

"அப்பிடித்தான்க்கா சொல்லுவாங்க."

"கடலுக்குள்ள பாலம் ஒண்ணு ஒடைஞ்சி கட்டை மட்டும் நிக்குமாமே?"

"அதோ அங்க நிக்குதே, அதான்."

இவ்வளவும் தெரிந்த அம்மா எதற்கு ஊர் பார்க்க வர வேண்டும் என்று எனக்குக் கோபமே வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பச்சையம்மாள் நின்றுவிட்டார்.

நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். கையிலிருந்த கடலைப் பொட்டலம் சாய்ந்து கடலை கொட்டுகிறது, தெரியவில்லை. அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். தடுப்பு இருந்தது. தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டு, உள்ளே வரப் பார்த்த ஒரு பைக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். வேறே ஒன்றும் இல்லை.

"என்னாச்சுக்கா?"

"தொப்பி" என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. எங்கள் ஊர் போலீஸ்காரர் சிவப்புத் தொப்பிதான் போடுவார். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். உச்சி தட்டையாக, முன்னால் சின்னதாக மூக்கு வைத்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற சிவப்பு, எங்கள் கண்ணுக்கே தெரியாது.

பச்சையம்மாள் கடலோரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத தடவ பாண்டிக்குப் போயிட்டு வந்தப்ப இவங்கப்பா சொன்னாரு, டீச்சர். அங்க போலீஸ்காரன் செவப்புத் தொப்பி போட்டிருக்கான்னு. டீக்கடையில எல்லார் எதுருலயும் சொன்னாரு. ஊரே சிரிச்சுது. போதையில பாத்தா எல்லாம் செவப்பாத்தான்டா தெரியும்னாங்க. ஆனை கொலுசு போட்டுக்கினு நடக்கும்னாரு. அதுக்கும் சிரிச்சாங்க. அன்னிலேருந்து அவருக்குப் பேரே செவப்புத்தொப்பிதான். இவன் பள்ளிக்கூடம் போனா செவப்புத்தொப்பி மவன்."

பிரபு தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கிட்டதான் வந்து வந்து சொல்வாரு. நீயாச்சும் நம்புடி, நான் போயி ஊர சுத்திப் பாத்துட்டுதான் வரேன், ஆத்துல போனேன், தூணப் பாத்தேன்னு. நானும் சிரிச்சேன், டீச்சர். பாண்டிக்குப் போறவன் கடலையா பாப்பான், கடையிலயே கெடந்துட்டு வந்து கதை வுடறான்னு எல்லார் எதுருலயும் சொன்னேன். அவர எடுத்துக்கினு போறப்பகூட ஒருத்தன் செவப்புத்தொப்பி போயிட்டாண்டான்னான்."

அவர் அழவில்லை. கண்ணைத் தொப்பியிலிருந்து எடுக்கவும் இல்லை.

"குடிகாரந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா பொய்யன் இல்ல."

விழுப்புரத்துப் போலீஸ்

இதன் மறுபக்கம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் விழுப்புரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, "போலீஸ்தான் பாப்பா, அழாத" என்றார். தலையில் சிவப்புத் தொப்பி இல்லை. திருட்டுப் போலீஸ், பிள்ளை பிடிக்கிறவன் என்று வீலென்று கத்தி அவர் கையைக் கடித்துவிட்டேன். இன்றும் எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் செல்லமாகச் சிரித்தார்கள். அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தது அப்படி இல்லை. நானும் அந்தச் சுவரில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குத் தெரியுமாடா?" என்று பச்சையம்மாள் மகனைக் கேட்டார்.

"மெஷின் பூட்ட வந்த மொத நாளே பாத்தேம்மா. ரோட்டுலயே நின்னுட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"அப்பா பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவ. போட்டோ காட்டினா சினிமா வேஷம்னுவ. நீயே வந்து பாக்கணும்னுதான் ஊரப் பாக்கக் கூப்புட்டேன்." பிறகு ஏழுமலையைப் பார்த்தான். "காலையிலேருந்து போலீஸ்காரர் நிக்கிற எடமாப் பாத்து நிறுத்தச் சொல்றேன். அங்கிள் சந்து சந்தாவே போறாரு."

எனக்கு மனசில் வரிசையாக ஓடியது. கவர்னர் மாளிகை வாசல். சிக்னல். மார்க்கெட் முக்கு. கடை இருக்கிற இடத்தில்தான் கூட்டம் இருக்கும், கூட்டம் இருக்கிற இடத்தில்தான் போலீஸ் நிற்பார். கடையை மறைக்கப்போய் நாங்கள் நாள் பூராவும் அந்தத் தொப்பியை மறைத்திருக்கிறோம்.

ஏழுமலை பேய் அறைந்த மாதிரி நின்றார். "தம்பி, நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார். எப்படி நினைத்தார் என்று பிரபு கேட்கவில்லை. கேட்காததே நல்லது. இன்றுவரைக்கும் நாங்களும் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பச்சையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, திண்டிவனத்துலேருந்து நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா? டீச்சர் கை வேற வலிச்சிருக்கும். மழையில என்னா வெயிலு?" என்றார்.

மலர் பக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் நேராகத் தடுப்புக்கு நடந்தார். போலீஸ்காரருக்கு முப்பது வயது இருக்கும்.

"தம்பி, ஒங்கூட ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்கம்மா. கொஞ்சம் சீக்கிரம்." சுற்றுலாக்காரர்கள் கேட்டுக் கேட்டு அவருக்குப் பழக்கம்.

"தொட்டுப் பாக்கலாமா?"

இது பழக்கமில்லை போலிருக்கிறது. அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு தலையைக் குனிந்து காட்டினார். பச்சையம்மாள் ஒரு விரலால் தொப்பியின் ஓரத்தைத் தொட்டார்.

பிரபு போனை எடுத்தான். "இவன் எடுத்தா ஆடும்" என்று பச்சையம்மாள் அதை வாங்கி மலரிடம் கொடுத்தார். "பாத்து எடு கண்ணு. டீக்கடையில காட்டணும். எம் மூஞ்சி விழலன்னாலும் பரவால்ல."

மலர் போனைத் தூக்கிப் பிடித்தாள். நானும் ஏழுமலையும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். பச்சையம்மாள் திரும்பிப் பார்த்து என்னைக் கை நீட்டிக் கூப்பிட்டார்.

"அங்க என்னா நிக்கிறீங்க? இப்பிடி வாங்க. தொப்பிய மறைக்காம நில்லுங்க, சம்பந்தி."